துருவுக்கு மருந்து வெந்நீர்

பெட்டியைத் திறந்தால் கிரீஸ்தான் தெரியும். கெட்டிப்பட்ட பனைவெல்லப் பாகு போலப் பழுப்பாக அப்பிக் கிடக்கும் அந்தப் பூச்சுக்கு உள்ளே எங்கோ துப்பாக்கி இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் சிப்பாய்கள் தோளில் சுமந்த மோசின்-நகாந்த் 91/30 ரகம் அது. ரஷ்ய ராணுவம் மோசின்-நகாந்தை ஏற்றுக்கொண்டது 1891இல். 1930இல் அது திருத்தியமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் லட்சக்கணக்கான துப்பாக்கிகளை ஆயுதக் கிடங்குகளில் கழற்றிப் பழுதுபார்த்து, கிரீஸ் பூசி அடுக்கிவைத்தார்கள். அடுத்த போர் வந்தால் உதவும் என்று எண்ணி வைத்தவை அவை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. நூறு டாலருக்கும் குறைவான விலையில் நெடுங்காலம் கிடைத்தன. அங்கே சட்டப்படி வாங்கிய சேகரிப்பாளர்கள் வீட்டுக் கொட்டகையில் அவற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். அந்த வேலை முழுக்க வேதியியல்தான்.

முதலில் குண்டு ஏதும் உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு கிரீஸ். அமெரிக்கர்கள் இதைப் பொதுவாக காஸ்மோலின் என்பார்கள். பெட்ரோலியத்தில் இருந்து வரும் எண்ணெயும் மெழுகும் கலந்த பொருள் அது. காற்றையும் ஈரத்தையும் எஃகின் பக்கம் அண்ட விடாது. ஆண்டுகள் போகப் போக லேசான எண்ணெய்ப் பகுதி ஆவியாகி, மெழுகு மட்டும் இறுகி நிற்கும். சுரண்டினால் வராது, சூடு பட்டால் இளகிவிடும். ஏறத்தாழ 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும் பொருளுக்குக் கொதிக்கும் தண்ணீர் தாராளம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டால், கிரீஸ் விட்டு விலகி மேலே பழுப்பு ஏடாக மிதக்கும். சூடு ஆறும் முன்பே எடுத்தால், எஃகில் தேங்கிய வெப்பமே மிச்ச ஈரத்தை விரட்டிவிடும். உடனே எண்ணெய் தடவியாக வேண்டும்.

தோட்டா உட்காரும் அறையில் படிந்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுடும்போது எழும் சூட்டில் அந்த மிச்சம் பிசினாகி, காலித் தோட்டாவைப் பிடித்துக்கொள்கிறது. போல்ட்டின் கைப்பிடி மேலே தூக்க வராமல் அடம்பிடிக்கும். துப்பாக்கியே மட்டம் என்று பெயர் வாங்கித் தருவது பல நேரம் இந்தக் கிரீஸ்தான்.

குழலின் கதை வேறு. பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் இருக்கும் பிரைமர் என்ற சிறு மூடியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. ஊசி தட்டியதும் தீப்பொறி எழ அதுவும் வேண்டும். எரிந்து ஆக்சிஜனைக் கொடுத்த பிறகு மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு. ஒவ்வொரு முறை சுடும்போதும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் குழலுக்குள் படியும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டியதும் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலச் சென்னையின் விடியற்காலை அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். உப்பு நீர் எஃகைத் தின்ன ஒரு ராத்திரி போதும்.

இதைக் கண்டுபிடிக்க நாளானது. வெடிமருந்தின் அமிலக் கழிவுதான் குழலை அரிக்கிறது என்று நம்பி, சிப்பாய்கள் எண்ணெயை ஊற்றித் துடைத்தார்கள். மறுநாளும் துரு வந்தது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப், எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே அரிப்பு நடப்பதை ஆராய்ந்து, பிரைமரின் உப்பே காரணம் என்று நிறுவினார். உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். துருவை உண்டாக்கும் அதே தண்ணீரை ஊற்றித்தான் துருவின் காரணத்தைக் கழுவ முடியும் என்பது இந்த இயலில் வியப்பூட்டும் உண்மை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் 303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியது சரியான வைத்தியம். நூறு மில்லி நீர் 20 டிகிரியில் சுமார் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும். கொதிநிலையில் 56 கிராம். சூடான குழல் சீக்கிரம் உலர்ந்தும் விடும்.

உப்பை முறிக்க அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் வேண்டும் என்ற நம்பிக்கை இன்றும் சேகரிப்பாளர்களிடம் உலவுகிறது. உப்பு அமிலம் இல்லையே, எதை முறிப்பது? அந்தத் திரவத்தில் வேலை செய்வது தண்ணீர்தான். அம்மோனியாவுக்கு வேறொரு திறமை உண்டு. குண்டின் உறையில் இருந்து குழலில் ஒட்டிய செம்பை அது கரைக்கும். உள்ளே விட்ட வெள்ளைத் துணி நீலமாகத் திரும்பி வந்தால் செம்பு கரைகிறது என்று பொருள்.

வெளிப்புறத்துச் செந்துருவுக்கும் வெந்நீரே கைகொடுக்கிறது. துருவேறிய பாகத்தைக் கொதிநீரில் அரைமணி நேரம் போல மூழ்க வைத்தால், பொடிப்பொடியாக உதிரும் சிவப்புத் துரு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். மெல்லிய எஃகு நாரால் மென்மையாகத் தேய்த்தால் தளர்ந்த பொடி போய், உறுதியான கருநிறம் தங்கும். பழைய துப்பாக்கிப் பட்டறைகள் வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, அதை வேகவைத்துத்தான் நிறமேற்றின.

மரத்திடம் மட்டும் கொதிநீர் கூடாது. சோவியத் கிடங்குகளில் மரப்பகுதிக்குப் பூசியது ஷெல்லாக், அதாவது அரக்கு. புரச மரம் போன்றவற்றின் கிளைகளில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு. சூடும் ஈரமும் சேர்ந்தால் வெளுத்துவிடும், சாராயம் பட்டால் கரைந்தே போகும். அதனால் காகிதத்தில் சுற்றி இளவெயிலில் வைத்து, கசியும் கிரீஸைக் காகிதமே உறிஞ்சும்படி பொறுமையாகக் காத்திருப்பது நல்லது.

உப்புத்தாள் கொண்டு எல்லாவற்றையும் பளபளப்பாக்கத் துடிப்பவர்கள் பெரிய இழப்பைச் செய்கிறார்கள். 1942இல் இஷெவ்ஸ்க் ஆலையில் தயாரான எஃகுப் பகுதிகளில் கடைசல் இயந்திரத்தின் வரிகள் அப்படியே இருக்கும். போர்முனைக்கு அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததால், இழைத்து மெருகேற்றும் வேலையை ஆலை குறைத்துக்கொண்டது. அந்தக் கோடுகளும், அடித்துத் திருத்திய எண்களும், பழுதுபார்த்ததற்கான கிடங்கு முத்திரையும் வரலாற்றுச் சான்றுகள். அருங்காட்சியகங்கள் இவற்றைத் தொடாமல், மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசுகின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான இத்தகைய மெழுகு, கையின் வியர்வை உப்பு எஃகில் படாமல் தடுக்கும். பின்னாளில் வேண்டாம் என்றால் கரைப்பானால் துடைத்து எடுத்துவிடலாம்.