ரயில்பெட்டியின் மின்சாரம்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் சங்கத்து நண்பர்கள், மின்பொறியியல் பயில்பவன் என்பதால் என்னை அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ரயில்பெட்டியின் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எஞ்சினிலிருந்து என்பதே பலர் எண்ணம். பெரம்பூரில் 1955 முதல் 2018 வரை கட்டப்பட்ட பழைய முறைப் பெட்டிகளைப் பொறுத்தவரை அது சரியன்று.

மோட்டார் காரின் பின்னே கட்டி இழுக்கும் கூடார வண்டிக்குக் காரிலிருந்தே கம்பி வழியே மின்சாரம் போகும். கம்பி நீள நீள வோல்ட் குறையும் என்பதே அங்கே தொல்லை. இருபது பெட்டிகளுக்கு இம்முறை எப்படி ஒத்துவரும்? ஆகவே நம் பெட்டி ஒவ்வொன்றும் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. சக்கர அச்சிலிருந்து செல்லும் பெல்ட், அடியில் தொங்கும் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. குளிர்சாதனமில்லாத பெட்டியில் அதன் திறன் 4.5 கிலோவாட், அழுத்தம் 110 வோல்ட். இதை இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பளுவையும் சேர்த்தே எஞ்சின் இழுக்கிறது.

சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. வேகம் ஏறினால் வோல்ட் ஏறும், இறங்கினால் இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டோன் கம்பெனியார் இதற்குக் கண்ட வழி வேடிக்கையானது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் பெல்ட் வழுக்கிவிடுமாறு டைனமோவைத் தொங்கவிட்டார்கள்! இன்று காந்தப்புல மின்னோட்டத்தைக் குறைத்துச் சமன் செய்கிறார்கள். வண்டி மெதுவாகும்போது பாட்டரியின் மின்சாரம் மின்னாக்கிக்குள் திரும்பிப் பாயாமல் டயோடுகள் தடுக்கின்றன. ரயில் பின்னோக்கி ஓடினாலும் மின்னோட்டத்தின் திசை மாறாதிருப்பது அவற்றின் உதவியால்தான்.

வண்டி நின்றதும் பெட்டி சேமிப்பில் வாழத் தொடங்குகிறது. பாட்டரியின் கொள்ளளவு 120 ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர் செலவானால் கணக்குப்படி ஆறு மணி நேரம்; நடைமுறையில் அதற்கும் குறைவு. வழியில் பெல்ட் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கு தொடங்கிவிடும். நள்ளிரவில் விளக்கு மங்குவதன் காரணம் பல வேளைகளில் இதுவே.

விடுதியிலிருந்து மின்கெண்டியை மூட்டையில் வைத்துக்கொண்டு புறப்படும் அன்பர்களுக்கும் ஒரு சொல். 230 வோல்ட்டுக்கான 1500 வாட் கெண்டி, 110 வோல்ட்டில் கால் பங்கு வெப்பம்கூடத் தராது, தேநீரும் கிடைக்காது. ஆனால் மூன்று ஆம்பியர் இழுத்து, கைப்பேசிக்கென அமைத்த இணைப்பைச் சூடாக்கும். ரயிலில் தீ என்றால் ஓடுவதற்கு இடமேது? சட்டம் தடுத்திருப்பதும் இதனால்தான்.

புதிய முறை ரயில்களில் பெல்ட் இல்லை. மேல்கம்பியின் 25,000 வோல்ட்டிலிருந்து மின்எஞ்சினே 750 வோல்ட்டாக மாற்றிப் பெட்டிகளுக்கு அனுப்புகிறது. இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புவதால் கம்பியின் நீளம் அங்கே தொல்லையாவதில்லை. மேல்கம்பியில் மின்சாரம் நின்றுபோனால் உதவ, டீசல் மின்னாக்கி வண்டி ஒன்றும் அந்த ரயிலோடு கூடவே செல்கிறது.