முன்னே நடப்பவர்

கண்டி மாநகருக்கு வடகிழக்கே முகில் போர்த்து நிற்கிறது நக்கிள்ஸ் மலைத்தொடர். இத்தகைய மலைகளில் நெடுந்தூர ஓட்டப் போட்டிக்கு ஆயத்தமாகிறவர், முன்னதாகவே அப்பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பது வழக்கம். பாறை எங்கே வழுக்கும், குடிநீர் எங்கே கிடைக்கும், மழை பெய்தால் எந்த ஓடையைக் கடக்க இயலாது என்பனவற்றை வரைபடம் முழுமையாகச் சொல்வதில்லை. கால்களே கற்றுக்கொள்ள வேண்டும்.

1692ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த குரு ஒருவர் கண்டியை நோக்கிக் காட்டுவழியே நடந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இறைமக்களைத் தேடி இலங்கைக்கு வந்த புனித யோசப் வாஸ் அடிகளார் அவர். போர்த்துக்கேயருக்காக வழி பார்க்க வந்த ஒற்றர் என ஐயுற்று, கண்டியில் அவரைச் சிறையிலிட்டனர். அவர் வழி பார்க்க வந்தது உண்மையே; படைக்காக அன்று, நற்செய்திக்காக! 1697இல் பெரியம்மை பரவி மக்கள் நகரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளரிடம் அவர் சென்றார். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தபோது, பின்தொடர ஒரு பாதை இருந்தது.

எபிரேயர் திருமுகம் இயேசுவை நம் முன்னோடி என்கிறது (எபி 6:20). அவர் பாதையைச் சுட்டிக்காட்டிவிட்டு நின்றுவிடவில்லை. சிலுவையைச் சுமந்து அதில் நடந்தார்.

அன்பான பெற்றோரே, "கோயிலுக்குப் போ, செபமாலை சொல்" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்துவிடுகிறீர்களா? தாம் நடவாத பாதையில் பிறரை ஓடச் சொல்வது நீதியா? குருக்களாகிய எமக்கும் இக்கேள்வி உண்டு. இன்று மாலைச் செபத்திற்கு முதலில் முழந்தாளிடுபவர் நீங்களாக இருங்கள்.

ஆண்டவரே, சொல்வதற்கு முன் நடக்க எமக்குக் கற்றுத்தாரும். ஆமென்.