மஞ்சள் கடுதாசி!

மஞ்சள் என்றால் நம் வீடுகளில் மங்களம். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். ஆனால், விருதுநகர் பஜாரில் போய், "இன்னார் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் வயிற்றில் புளியைக் கரைக்கும்! கடனைத் தீர்க்க வழியில்லை என்று கடனாளி கோர்ட்டில் போடும் திவால் மனுவுக்குத்தான் அந்தப் பெயர். 'ஐ.பி.' என்றும் சொல்வதுண்டு.

பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுத் தொழிலின் ஜீவநாடியே கடன்தான். வருஷம் பூராவும் பட்டாசு செய்கிறார்கள். விற்பதோ பெரும்பாலும் தீபாவளிச் சமயத்தில். வெளியூர் வியாபாரிக்குச் சரக்கைக் கடனாக அனுப்பிவிட்டு, பண்டிகை கழிந்ததும் வசூலுக்குக் காத்திருப்பார்கள். மழை பிடித்துக்கொண்டாலோ, வாங்கியவர் கையை விரித்தாலோ, யோக்கியமான வியாபாரியும் நொடித்துப் போகலாம். அப்படிப்பட்டவர் மறுபடி தலைநிமிரத்தான் திவால் சட்டம் இருக்கிறது. அவரை ஏளனம் செய்யக் கூடாது.

வேறு ஒரு ரகம் உண்டு. அவர் நொடிப்பதில்லை, நொடித்ததாக வேஷம் போடுகிறார்! முதலில் வீடு மனைவி பெயருக்கு மாறும். பிறகு கிட்டங்கிச் சரக்கு மைத்துனர் கடைக்குப் போகும். கணக்குப் புத்தகம் மாயமாய் மறையும். கடுதாசி கடைசியில்தான் வரும்.

பெரிய கம்பெனியானால் பயமில்லை என்கிறீர்களா? சென்னை அர்பத்நாட் கம்பெனியையும் ஜனங்கள் அப்படித்தான் நம்பினார்கள். 1906 அக்டோபரில் அது திவாலாயிற்று. முதலாளி ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால், பணம் போட்டவர்களுக்கு முழுத் தொகை திரும்பவில்லை. அந்த அடிக்குப் பிறகுதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

வேஷக்காரரைச் சட்டம் சும்மா விடுவதில்லை. மாகாணத் திவால் சட்டம், 1920 என்ன சொல்கிறது தெரியுமா? மனுவுக்கு முந்தைய 2 வருஷத்துக்குள், நியாயமான விலையில்லாமல் கைமாற்றிய சொத்தைக் கோர்ட் திரும்ப இழுக்கலாம். 3 மாதத்துக்குள் வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனைத் தீர்த்திருந்தால், அதையும் ரத்து செய்யலாம். மோசடியாகக் கணக்கை அழித்தால் ஒரு வருஷம் வரை சிறை. ஏமாற்றி வாங்கிய கடன், திவாலாகி விடுதலை பெற்ற பிறகும் தீராது!

ஆகவே, கோர்ட் நோட்டீஸ் வந்தால் "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆஜராகி ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. சொத்து எப்போது, யார் பெயருக்குப் போனது என்பதை வில்லங்கச் சான்றிதழ் காட்டிக் கொடுக்கும். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது.

வருமுன் காப்பது இன்னும் மேல். தெரிந்தவர்தானே என்று வாய்வார்த்தையில் பணம் கொடுக்காதீர்கள். புரோநோட்டு வாங்கினாலும் அதன் ஆயுள் 3 வருஷம்தான் என்பதை மறக்க வேண்டாம். சீட்டுச் சேருமுன், 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் சேரவே வேண்டாம்.

சகோதரிகளே, கடைசியாக ஒன்று. "ஒன்றுமில்லை, இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று வீட்டிலேயே ஒரு பத்திரம் நீளலாம். அது ஜாமீன் பத்திரமானால், கடன் உங்களையும் தேடி வரும். கடன் கொடுத்தவர்களை ஏய்க்க உங்கள் பெயருக்கு வீடு வந்திருந்தால், கூண்டில் ஏறிப் பதில் சொல்வதும் நீங்களாக இருக்கலாம். பிறந்த வீட்டுச் சீதனம் உங்கள் சொந்தச் சொத்து. அதன் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். மற்றதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புடவை வாங்கும்போது முந்தானையை விரித்துப் பார்க்கிறோமே, பத்திரத்தையும் அப்படிப் பிரித்துப் பார்த்தால் என்ன?