ரிலீவர் வராத ஷிப்ட்

தாத்தா விடிவதற்கு முன்பே எழுந்து மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். வயலை விற்று அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. வரப்பில் நின்றுகொண்டு, "பிளவக்கல் அணையில தொறந்துவிட்டாச்சு, இன்னும் மடைய மாத்தாம இருக்கீகளே" என்று சத்தம் போடுவார். வயலை வாங்கியவர் எங்களுக்குத் தூரத்து உறவு. ஒரு நாள்கூட, "இது உங்க வயல் இல்ல" என்று அவர் சொன்னதில்லை. "மாத்தியாச்சு மாமா, தண்ணி பாஞ்சிருச்சு, நீங்க போய்க் காப்பியக் குடிங்க" என்பார். தாத்தா திருப்தியாகத் திரும்பி நடப்பார். பாதி வழியில் வீடு மறந்துபோகும். டீக்கடைக்காரரோ, கிருஷ்ணன்கோவிலிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள்.

1985 வாக்கில் வத்திராயிருப்பில் நடந்தது இது. எதிர்த்துப் பேசாதீர்கள், திருத்தாதீர்கள், அவர் எந்தக் காலத்தில் நிற்கிறாரோ அங்கேயே போய் நின்று பேசுங்கள் என்று மறதி நோய் மருத்துவர்கள் இன்று சொல்லித் தருகிறார்கள். அந்த வயல்காரர் எந்த வகுப்புக்கும் போனவரில்லை.

இதோடு நிறுத்தினால் 'அந்தக் காலம் போல வருமா' கட்டுரையாகிவிடும். அதனால் பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ராத்திரி தன் முந்தானை நுனியைத் தாத்தாவின் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் பாட்டி படுப்பாள். அவர் அசைந்தால் இவளுக்கு விழிப்பு வரும். ஒரு ராத்திரியில் ஐந்தாறு தடவை வரும். தன் அண்ணன் பேத்தி காதுகுத்துக்குப் போகவில்லை. ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போகவில்லை. சமையலுக்கு மருமகள்கள் இருந்தார்கள், உண்மைதான். தாத்தாவைக் குளிப்பாட்டுவது, வேட்டி மாற்றுவது, மலம் அள்ளுவது எல்லாம் பாட்டி மட்டுமே. கேட்டால், "கட்டுனவ பாக்காம வேற யாரு பாப்பா" என்பாள். அதற்குப் பிறகும் ஊர் அவளைத்தான் குறை சொன்னது. சோறு சரியாகப் போடவில்லை, அதனால்தான் கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு கட்சி. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. தெருப் பையன்கள் நாங்கள் திண்ணைக்குப் போய், "தாத்தா, உங்க பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு, அவர் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்போம். அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்த தெருவும் சிரித்த தெருவும் ஒன்றுதான். சிரித்தவர்களில் நானும் உண்டு.

தாத்தா இறந்து அடக்கம் முடிந்த மறுநாள் பாட்டி படுத்தாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, அப்படி ஒரு தூக்கம். "எழவு வீட்டுல இப்படித் தூங்குறாளே, இவளும் ஒரு பொம்பளையா" என்று வந்த உறவுகள் பேசிக்கொண்டன.

தாத்தாவுக்கு வந்தது நோய் என்று அன்று யாரும் சொல்லவில்லை. இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டார்கள், குணசீலத்துக்குக் கூட்டிப்போனார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஈழத்தில் 'அறளை பெயர்தல்' என்று இதற்குத் தனிச்சொல்லே புழங்குகிறது. எங்கள் பக்கம் அதுகூட இல்லை. வயசானால் அப்படித்தான், அவ்வளவே. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே பேராசிரியர் வி.எஸ். நடராசன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கியிருந்தார். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது எங்கள் மாவட்டத்துக்காரன் இன்னொன்றையும் சொல்லாமல் தாண்டக்கூடாது. தலைக்கூத்தல். படுக்கையில் விழுந்த, நினைவு தவறிய கிழவன் கிழவிகளுக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பது. விருதுநகர் மாவட்டத்தின் பெயரைச் சேர்த்துத்தான் இந்த வழக்கம் வெளியுலகில் அடிபடுகிறது. 2010-இல் தனக்கு நாள் குறிப்பதைக் கேட்டுவிட்ட முதியவர் ஒருவர் உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடியபோது செய்தித்தாள்கள் எழுதின. 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது வாங்கிய 'பாரம்' இதைப் பற்றியதுதான். கொலை என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள், 'அவரும் கஷ்டப்படுறாரு, நாமளும் கஷ்டப்படுறோம்' என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் பாட்டியிடம் ஜாடையாகப் பேச்செடுத்திருக்கிறார். அன்று பாட்டி சொம்பைத் தூக்கி எறிந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. காரணம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, என் பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்.

பெரியப்பா ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் சைடு பார்த்தவர். அந்த வருஷங்களில் அவர் அடுப்பங்கரைக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர்கூடச் சொம்பில் வந்தாக வேண்டும். இன்று சடை பின்னுகிறார். நன்றாகவே பின்னுகிறார். "இழை அறுந்தா ஒட்டுறதுதானடா என் வேலை, இது என்ன பெரிய வித்தை" என்று சிரிக்கிறார். நைட்டி மாற்றுகிறார், டயப்பர் கட்டுகிறார், சோற்றைக் குழைத்து ஊட்டுகிறார், அடுப்பு அணைந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் பூட்டுகிறார்.

எனக்குத் தெரிந்த பெரிய மாற்றம் இதுதான். அன்று ஆணுக்கு நினைவு தவறினால் பெண்டாட்டி பார்த்தாள். பெண்ணுக்குத் தவறினால் மருமகள் பார்த்தாள். என் தாத்தா பாட்டிக்கு டயப்பர் கட்டியிருப்பாரா என்று கேட்டால், கட்டியிருக்க மாட்டார், ஊரும் விட்டிருக்காது. இன்று மகன் பெங்களூரில், மருமகளுக்கும் வேலை அங்கேயே, மகள் திருப்பூரில். மிச்சம் இருப்பது புருஷன்தான். ஆண்கள் திருந்திவிட்டார்கள் என்று இதற்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டியதில்லை. வேறு ஆள் இல்லை, அதனால் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் கற்றுக்கொண்டது கற்றுக்கொண்டதுதான். 2015-இல் 'ஓ காதல் கண்மணி'யில் நினைவு தவறும் மனைவியைப் பிரகாஷ்ராஜ் பார்த்துக்கொள்வதைப் பார்த்தபோது, இதெல்லாம் மும்பை அடுக்குமாடியில் நடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பெரியம்மாவுக்கு நோய் மறதியில் தொடங்கவில்லை, சந்தேகத்தில் தொடங்கியது. எழுபதைத் தொடப்போகும் மனுஷனை, பால் ஊற்ற வரும் பெண்ணோடு சேர்த்துப் பேச ஆரம்பித்தாள். தெருவில் நின்று கத்தினாள். ஊர் ஒரு வருஷம் அதை ருசித்தது. அல்சைமர் என்ற மருத்துவரின் பெயர் இந்த நோய்க்கு வரக் காரணமாக இருந்த பெண்ணின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி, அகஸ்ட் டேட்டர். முதலில் புருஷன் மேல் தீராத சந்தேகம், பிறகு மறதி, வீட்டுக்குள்ளேயே தடுமாற்றம். சமாளிக்க முடியாமல் 1901-இல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்த்தார் கணவர். அவளுக்கு வயது 51. 1906-இல் அவள் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து, அந்த ஆண்டு நவம்பரில் அறிஞர் சபையில் அல்சைமர் விவரம் சொன்னார். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தாளு பாவம், ஊரு என்ன பேசுச்சோ" என்றார்.

அன்றைக்கு இல்லாத ஒன்று இன்றைக்கு உண்டு. நோய்க்குப் பெயர் தெரியும். ரத்தத்தில் தைராய்டு பார்த்தார்கள், பி12 பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதி வரும், மருந்து கொடுத்தால் தேறவும் வாய்ப்புண்டு. விழுந்து அடிபட்டு மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் அப்படியே. அதனால்தான் 'வயசானால் அப்படித்தான்' என்று விடாமல் ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. "எல்லாம் நார்மல்னு டாக்டர் சொன்னப்பத்தான்டா எனக்கு அழுகை வந்துச்சு" என்றார் பெரியப்பா. டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்கு அது கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும், குணமாக்காது. அதை முகத்துக்கு நேராகச் சொன்ன டாக்டர் மேல் பெரியப்பாவுக்கு மரியாதை.

கணக்கும் இன்றைக்கு உண்டு. தொண்ணூறுகளில் செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூர் கிராமங்களில் எடுத்த ஆய்வு, அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதி நோய் என்றது. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு 7.4 என்கிறது, நாடு முழுக்க 88 லட்சம் பேர். இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்தவை, இரட்டிப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம். நான் கவனித்தது வேறு. 2023 ஆய்வில் ஆண்களில் 5.8 என்றால் பெண்களில் 9. நகரத்தில் 5.3 என்றால் கிராமத்தில் 8.4. வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் மாதிரி ஊர்களில் இந்த நோய் வந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் புருஷன் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர், அந்தப் புருஷன்மார்களுக்குச் சோறு பொங்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறார். போகும்போது, "நீங்க சாப்டீங்களாய்யா?" என்று பெரியப்பாவைக் கேட்பார். அவர் பதிவேட்டில் அந்தக் கேள்வி இருக்காது. பெரியப்பாவுக்கு பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது, டயப்பருக்கே அது காணாது. மகன் பணம் அனுப்புகிறான், கூடத்தில் கேமராவும் மாட்டிக் கொடுத்திருக்கிறான். பெங்களூரிலிருந்து போன் வரும்: "அப்பா, அம்மா வாசக் கதவுகிட்ட நிக்கிறாங்க, பாருங்க." தெருவில் யாரும் அவளைக் கூட்டிவந்து விடுவதில்லை, ஏனென்றால் அவள் தெருவுக்குப் போவதே இல்லை. கதவு பூட்டியிருக்கிறது. திண்ணையை இடித்து கிரில் போட்டாயிற்று. பாதி வீடுகளில் புதுக் குடித்தனம், பெரியம்மாவை அவர்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு மேல் அவளுக்கு நிலைகொள்ளாது. பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயின் குணம். கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெரியப்பாவையே பார்த்து, "அண்ணே, எங்க வீட்டுக்காரக மில்லுலருந்து வர்ற நேரம். நீங்க கெளம்புங்க, யாராச்சும் பாத்தா தப்பாப் பேசுவாக" என்பாள். முதல் தடவை கேட்டபோது, "நான்தான்டி உன் புருஷன்" என்று கத்திவிட்டாராம், அவள் பயந்து அழுதாளாம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "இப்பத்தான் சங்கு ஊதிருக்கும் தாயி. பஸ் பிடிச்சு வந்துருவாரு" என்கிறார். அவள் உட்கார்ந்துவிடுகிறாள். மடை மாற்றிய அந்த வயல்காரரை நான் நினைத்துக்கொண்டேன்.

பாட்டியின் முந்தானை முடிச்சைப் பற்றி அவரிடம் சொன்னேன். "நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்" என்று கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் வளையலில்.

"மில்லுல எட்டு மணி நேரம் ஆனா ரிலீவர் வந்து நிப்பான். வரலைன்னா மேஸ்திரியப் போய்க் கேக்கலாம். இங்க பகல், அரை நைட், முழு நைட் மூணும் நானேதான். யாரப் போய்க் கேக்க?" என்றார். புலம்பலாகச் சொல்லவில்லை, ஷிப்ட் கணக்கு மாதிரிதான் சொன்னார். கேள்வி நியாயமானது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது, கேட்டால் வழி சொல்வார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோய்க்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது, வத்திராயிருப்பிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம். நமக்குத் தேவை அவ்வளவு பெரியதுகூட அல்ல. மூன்று வயதுப் பிள்ளையை நாலு மணி நேரம் விட்டுவர ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. எழுபது வயதுப் பெரியம்மாவை நாலு மணி நேரம் விட்டுவர ஓர் இடம், கூட ஒரு பயிற்சி பெற்ற ஆள். இதை அரசு செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

போன மாதம் நான் போயிருந்தபோது பெரியப்பாவின் முடி காதை மறைத்துத் தொங்கியது. நான்கு மாதமாக வெட்டவில்லை என்றார். "நான் இருக்கேன், போய்ட்டு வாங்க" என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டு, மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கடையில் கூட்டம், ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் பெரியம்மா என்னிடம், "அவுக வந்துட்டாகளா?" என்று ஒன்பது தடவை கேட்டாள். ஒன்பது தடவையும் சங்கு ஊதியதாகச் சொன்னேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிப் போய்ப் பத்து நிமிஷம் நலம் விசாரித்துவிட்டு வர வேண்டாம். ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். அவர் போய் முடி வெட்டிக்கொண்டு வரட்டும்.