பார்த்தீனியம்: பூக்கும் முன் பிடுங்கினால் கூலி மிச்சம்

மழை பெய்து ஓய்ந்ததும் வரப்பு, வாய்க்கால் கரை, தரிசு எங்கும் கேரட் இலை போன்ற இலைகளுடன் முளைத்து வரும் செடி பார்த்தீனியம். வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் களை, 1950-களில் இறக்குமதி கோதுமையுடன் இந்தியாவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது.

இக்களையால் ஏற்படும் நஷ்டம் ஒரே இடத்தில் தெரிவதில்லை. களையெடுப்புக் கூலி ஒரு புறம்; மேய்ச்சல் புல் குறைவதால் தீவனம் வாங்கும் செலவு மறுபுறம். கறவை மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். வெறுங்கையால் பிடுங்குவோருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். மகரந்தத் தூளால் சிலருக்கு மூச்சுத் திணறல் வரும். வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் இந்தக் கணக்கில் சேரும்.

முளைத்து சுமார் ஒரு மாதத்திலேயே இச்செடி பூக்கத் தொடங்கும். ஒரு செடி 10,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும். அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். எனவே பயிருக்குள் மட்டும் களையெடுத்து, வரப்பைப் பூக்க விட்டால், கொடுத்த கூலியை மறு மழைக்கு மீண்டும் கொடுக்க நேரிடும்.

செய்ய வேண்டியவை

மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். மேலே அறுத்து விட்டால் மீண்டும் துளிர்க்கும். பூக்காத செடிகளை மக்க வைத்து எருவாக்கலாம். பூத்தவற்றை எருக்குழியில் போடக் கூடாது. போட்டால் எருவோடு விதையும் வயலுக்குச் செல்லும்.

பயிரில்லாத இடங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும், 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, செடி நன்கு நனையத் தெளிக்கலாம். வயலில் தெளிக்கக் கூடாது. உப்பு மண்ணைக் கெடுக்கும்.

தரிசில் துத்தி, தகரை விதைகளைத் தூவினால் அவை அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை அடக்கும். 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு மழைக்காலத்தில் இதன் இலைகளைத் தின்று அழிக்கும். வண்டு காணப்படும் இடத்தில் மருந்து தெளிக்காமல் விடுவது நல்லது.

ஒருவர் வரப்பை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. காற்றும் நீரும் பக்கத்து நிலத்து விதையைக் கொண்டு வரும். மழை பெய்த மூன்று வாரத்துக்குள் அண்டை நிலத்தார் சேர்ந்து ஒரு நாள் ஒதுக்கிப் பிடுங்கினால், ஆண்டுக்கு ஆண்டு களைச் செலவு குறையும்.