ஜன்னலுக்கு வெளியே ஓர் இருக்கை

மும்பையில் அக்டோபர் வெயில் என்று ஒன்று உண்டு. இங்கு வாழும் நம் குடும்பங்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை ஓய்ந்து தீபாவளி நெருங்கும் அந்த நாட்களில்தான் ஜன்னல் துடைப்பதும் ஏ.சி.யைச் சரி பார்ப்பதும் சேர்ந்து வரும். சென்ற ஆண்டு அந்தச் சமயத்தில் என் வீட்டில் நடந்ததையும், அதன்பின் நான் கற்றுக்கொண்டதையும் வாசக அன்பர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் செம்பூரில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறோம். ஏ.சி.யின் வெளிப்பெட்டி படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, சுவரில் பதித்த இரும்புத் தாங்கியின் மேல் நிற்கிறது. அதைப் பார்க்க வந்தவன் தாராவியில் பிறந்து வளர்ந்த பையன். வயது 22 இருக்கும். அவன் அப்பா எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்ததும் நான் அவனுக்கு அண்ணாச்சி ஆகிவிட்டேன். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இடுப்புல கட்டிக்கிட கயிறு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான்.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் மெக்கானிக்கல் என்ஜினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறிய தொழிலாளிகளைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "அஞ்சு நிமிஷ வேலைதானேப்பா."

பையன் மறுபேச்சில்லாமல் வெளியே இறங்கினான். கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் பலகைக்கு நம் ஊரில் சன்ஷேடு என்று பெயர், இங்கே சஜ்ஜா. அதில்தான் நின்றான். நான்கு மாத மழையும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் சேர்ந்து அதில் பாசி படிந்திருந்தது. ஒரு கால் வழுக்கியது. ஜன்னலின் ஒரு பாதியில் இருந்த கிரில்லைப் பிடித்தான். கிரில்லின் மேல் திருகு சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். என் மனைவி ஓடிவந்து மறுகையைப் பற்றினாள். உள்ளே இழுத்துப் போட்டபோது மூன்று பேரும் தரையில் கிடந்தோம்.

அவன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பழக்கந்தான்" என்று சொல்லி மறுபடியும் ஜன்னலருகே போனான். போகவேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய வழக்கப்படி காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால், ஏழு மாடிக்கு 21 மீட்டர். விழுந்தால் தரையைத் தொட இரண்டு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 73 கிலோமீட்டர். நான் சொன்ன ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு வினாடியை எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் பொறுப்பு?

இது இன்று வந்த பிரச்சினை அல்ல. மாடி வீடுகள் பெருகிய இங்கிலாந்தில் வேலைக்காரப் பெண்கள் ஜன்னல் விளிம்பில் நின்று கண்ணாடி துடைத்தார்கள். 1847-ஆம் ஆண்டு அந்நாட்டில் வந்த நகரக் காவல் சட்டம் ஒன்றின் 28-ஆவது பிரிவு இதைக் குற்றமாக்கியது. அந்தப் பிரிவு தண்டிப்பது விளிம்பில் நின்றவரை அல்ல. அவரை நிற்கச் சொன்னவரையும், நிற்க அனுமதித்தவரையும்தான். அபராதம் 40 ஷில்லிங் வரை. நிலமட்டத்துக்குக் கீழே உள்ள ஜன்னலுக்கு மட்டும் விலக்கு. 1847-இலேயே புரிந்திருந்த விஷயம் எனக்கு என் வீட்டில் ஒருவன் கால் வழுக்கிய பிறகுதான் உறைத்தது.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, கருவி செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ஜன்னலுக்கு வெளியே மாட்டிக் கழற்றும் இருக்கைகளுக்குப் பலர் காப்புரிமை பெற்றார்கள். வானளாவிய கட்டடங்கள் வந்தபோது வேறொரு முறை பரவியது. ஜன்னலின் இரு பக்கமும் சுவரில் ஆணி பதித்து, துடைப்பவரின் இடுப்புப் பட்டையின் இரு முனைகளையும் அவற்றில் மாட்டுவார்கள். 1931-இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 6,500-க்கு மேற்பட்ட ஜன்னல்களை அப்படித்தான் துடைத்தார்கள். நம் வீட்டுச் சுவர்களில் அத்தகைய ஆணிகள் கிடையாது. ஆகவே நமக்குக் கழற்றி மாட்டும் இருக்கையே பொருத்தம்.

இருக்கை எப்படி நிற்கிறது?

வீட்டிலுள்ள அரிவாள்மணையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையின் மேல் உட்கார்ந்திருப்பவரின் எடைதான் அதை அசையாமல் வைத்திருக்கிறது. ஜன்னல் இருக்கையில் கதை தலைகீழ். உட்காருகிறவரின் எடையே அதைக் கவிழ்க்கப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு உறுப்புகள் வேண்டும். ஒன்று, ஜன்னல் திண்டைத் தாண்டி உள்பக்கச் சுவரைக் கவ்வும் கொக்கி. மற்றொன்று, இருக்கைக்குக் கீழே வெளிச்சுவரில் ஊன்றும் முட்டுக்கால். ஆள் உட்கார்ந்ததும் முட்டுக்கால் சுவரைத் தள்ளும்; கொக்கி சுவரை வெளிப்பக்கமாக இழுக்கும்.

இழுப்பு எவ்வளவு? 70 கிலோ எடையுள்ளவர் சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி உட்காருகிறார் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2,800. கொக்கி கவ்வும் இடத்துக்கும் முட்டுக்கால் ஊன்றும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 50 செ.மீ. என்றால், 2,800-ஐ 50-ஆல் வகுக்க, கொக்கியில் 56 கிலோ இழுப்பு வருகிறது. இடம் போதவில்லை என்று முட்டுக்காலைச் சுருக்கி, அந்த உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் இழுப்பு 140 கிலோ ஆகிவிடும். காய்கறிப் பையை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவார்கள். இங்கும் அதே விதிதான். தள்ளி உட்காரும் தூரம் குறைய வேண்டும். முட்டுக்கால் நீள வேண்டும்.

இது அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கான கணக்கு. பொத்தென்று உட்கார்ந்தால் பாரம் குறைந்தது இரு மடங்காகிவிடும். மேலும், ஏ.சி.யின் வெளிப்பெட்டி 30 கிலோ அளவில் இருக்கும். அதை மடியில் ஏந்தினால் அந்த எடையும் கூடும். ஆகவே இருக்கையைப் பல மடங்கு பலமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று முக்கியம். கொக்கி கவ்வ வேண்டியது சுவரை. ஜன்னல் கதவு ஓடும் அலுமினியச் சட்டத்தை அல்ல. திண்டின் மேல் ஒட்டியிருக்கும் மார்பிள் பலகையையும் அல்ல. அது சிமெண்ட்டால் ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து நிற்கும் பழைய கட்டடமானால் இருக்கையை மாட்டவே கூடாது. சுவரை ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் பார்த்துச் சொன்ன பிறகே மாட்டலாம்.

எங்கள் இருக்கை

நான் படம் வரைந்து, தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஓர் இருக்கை செய்யச் சொன்னேன். வழுக்காத வரித்தகடு, மூன்று பக்கமும் இடுப்புயரக் கம்பி, சுவரை உள்ளும் புறமும் நெருக்கிப் பிடிக்கும் திருகு, திருகு தளர்ந்தாலும் கழலாதபடி ஒரு பூட்டு ஊசி. முதலில் தரைத்தள ஜன்னலில் மாட்டி, 50 கிலோ சிமெண்ட் மூட்டை நான்கை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் வளைவோ, வெல்டிங்கில் கீறலோ இல்லை. இதற்குப் பிறகும், மாதிரிக்கு ஒன்று செய்து பார்க்கலாமே என்று யாரும் இறங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். படமும் வேலையும் தகுதியுள்ளவர் கையால் நடக்கட்டும்.

மாட்டும்போது ஒரு முறை உண்டு. இருக்கையை ஜன்னலுக்கு வெளியே எடுப்பதற்கு முன்பே அதைக் கயிற்றால் உள்ளே கட்டிவிட வேண்டும். ஸ்பேனரையும் ஸ்க்ரூடிரைவரையும் மணிக்கட்டில் கயிறு கட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். ஏழாவது மாடியிலிருந்து நழுவும் ஸ்பேனரும் அதே 73 கிலோமீட்டர் வேகத்தில்தான் தரைக்கு வரும். கீழே விளையாடும் குழந்தைகளை அப்புறப்படுத்தி, ஒருவரைக் காவல் நிறுத்த வேண்டும்.

இருக்கை மட்டும் போதாது

இருக்கை உட்காருவதற்கு. உயிரைக் காப்பது உடம்பில் மாட்டும் ஹார்னஸ். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இருக்கையே பெயர்ந்து விழுந்தாலும் ஆள் தொங்கி நிற்க வேண்டும். ஆகவே ஹார்னஸின் கயிற்றை இருக்கையில் மாட்டக்கூடாது. கிரில், குழாய், கட்டில் கால் இவற்றிலும் கூடாது. அறையின் கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ முறையாகப் பதித்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அமெரிக்க விதியின்படி அத்தகைய கொக்கி ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது 2,200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். விழுகிற உடம்பைச் சட்டென்று நிறுத்தும்போது எழும் விசை அதன் எடையைப் போலப் பல மடங்கு.

இடுப்புப் பெல்ட் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. விழும்போது அந்த விசை முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். ஆள் பெல்ட்டிலிருந்து நழுவவும் கூடும். விழுபவரைத் தாங்க இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி முதல் தடை செய்தது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பற்றும் முழு ஹார்னஸே வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். ஒரு முறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது.

கயிற்றின் நீளமும் கவனிக்க வேண்டியது. 2 மீட்டர் கயிற்றைக் கால் மட்டத்தில் மாட்டினால், அது இறுகுவதற்குள் ஆள் 4 மீட்டர் விழுந்துவிடுவார். ஒரு மாடியைவிட அதிகம். கொக்கி தோளுக்கு மேலே இருக்கட்டும். கயிறு தொய்வில்லாமல் குட்டையாக இருக்கட்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். ஆகவே உள்ளே இன்னொருவர் எப்போதும் இருக்க வேண்டும். இழுத்து ஏற்ற முடியாவிட்டால் உடனே 101 அல்லது 112.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெளியே போகத்தான் வேண்டுமா? புதிதாக ஏ.சி. வைப்பவர்கள் வெளிப்பெட்டியை பால்கனியில் வைக்கலாம். ஓடும் ஜன்னல் கதவுகள் பலவற்றை உள்ளே கழற்றி எடுத்துத் துடைக்கலாம். நீண்ட கைப்பிடி உள்ள துடைப்பானும் கிடைக்கிறது. தீபாவளிக்குக் கண்ணாடி பளபளக்க வேண்டும் என்று வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைத் திண்டில் ஏற்றுவது இன்றோடு நிற்கட்டும்.

சொசைட்டி கூட்டத்தில்

இருக்கையும் இரண்டு ஹார்னஸும் சொசைட்டிக்கே பொதுவாக இருக்கட்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன். செலவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒருவர் மட்டும், "இதை நாம் கொடுத்து, யாராவது விழுந்தால் பொறுப்பு நம் தலையில் அல்லவா விழும்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் அக்டோபரில் என் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பையன் கயிறு கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. அவன் விழுந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தீர்மானம் நிறைவேறியது. இப்போது அவை சொசைட்டி அலுவலகத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மழை நாளிலும் பலத்த காற்றிலும் தருவதில்லை.

இந்த மே மாதம் அதே பையன் வந்தான். ஹார்னஸை மாட்டிக்கொண்டபோது அவனுக்குக் கொஞ்சம் வெட்கம். பழக்கமில்லாத சட்டை போட்டதுபோல் நெளிந்தான். இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வேலை செய்தான். ஐந்து நிமிட வேலை என்று நான் சொன்னது 40 நிமிடம் பிடித்தது. முன்பெல்லாம் ஒரு கை கிரில்லில் இருக்கும். அதனால் பின்பக்கத் திருகுகளைத் தொடுவதே இல்லை என்று அவனே சொன்னான்.

கிளம்பும்போது, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே ஒன்பதாவது மாடி என்றான். "அங்க இந்த மாதிரி இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஹார்னஸ் ஒன்றை என் பெயரில் கையெழுத்திட்டு அவனிடம் கொடுத்து அனுப்பினேன். அங்கே அதை மாட்டச் சுவரில் கொக்கி இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை அந்த வீட்டுக்காரர்தான் செய்து வைத்திருக்க வேண்டும்.