கணக்குப் போடும் வெளிச்சம்... வந்துவிட்டது ஒளி சிப்!

செல்போனில் நீண்ட நேரம் கேம் ஆடினால் பின்பக்கம் சூடாகிறதல்லவா? உள்ளே இருக்கும் சிப்பில் மின்சாரம் ஓடுவதால் வரும் சூடு அது. நம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏ.ஐ. டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான சிப்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றை இயக்கவும் மின்சாரம், குளிர்விக்கவும் மின்சாரம். இந்தச் செலவைக் குறைக்க, கணக்குப் போடும் வேலையை வெளிச்சத்திடம் கொடுத்துப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஒளி ஓடும் வாய்க்கால்

சிலிக்கானை ஊடுருவி நம்மால் எதையும் பார்க்க முடியாது. ஆனால், ஃபைபர் இன்டர்நெட்டில் ஓடும் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி மாதிரி. அதனால் சிப்பில் சிலிக்கானைச் செதுக்கிப் பாதை அமைத்து, லேசர் ஒளியை ஓட விடுகிறார்கள். பாதையின் அகலம் சுமார் 500 நானோமீட்டர். தலைமுடியை நூறாகப் பிளந்தால் கிடைக்கும் அளவு!

சரி, ஒளி எப்படிக் கணக்குப் போடும்?

ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்வதைக் கற்பனை செய்யுங்கள். ஒளியும் அப்படித்தான் பிரிந்து சேர்கிறது. ஒரு கிளையின் மேல் குட்டி ஹீட்டர் இருக்கும். அது சூடானால், அந்தக் கிளையில் வரும் ஒளி அலை கொஞ்சம் தாமதமாகும். சேருமிடத்தில் அலைகளின் மேடும் மேடும் சந்தித்தால் வெளிச்சம் கூடும். மேடும் பள்ளமும் சந்தித்தால் அணையும். அனுப்பிய ஒளியில் பாதி வெளியே வந்தால், அரையால் பெருக்கியாயிற்று! பல ஒளிகள் ஒன்று சேர்ந்தால் கூட்டலும் முடிந்தது. ஏ.ஐ. செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான். ஒளி சிப்பைக் கடக்கும் நேரத்திலேயே விடை தயார்.

முதல் பரீட்சையில் என்ன மார்க்?

2017-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், இப்படிப் பிரிந்து சேரும் 56 அமைப்புகள் கொண்ட சிப்பைச் சோதித்தார்கள். மனிதர்கள் உச்சரித்த நான்கு உயிரெழுத்து ஒலிகளை அது அடையாளம் காண வேண்டும். ஒளி சிப் எடுத்தது 76.7 சதவிகிதம். சாதாரண கம்ப்யூட்டர் 91.7.

ஏன் பின்தங்கியது? ஒரு ஹீட்டரின் சூடு பக்கத்துப் பாதையையும் தொட்டுவிடுகிறது. வெளியே வரும் ஒளியை அளக்கும்போதும் சிறு பிழைகள் சேர்கின்றன. தவிர, சிலிக்கான் தானாக ஒளி தராது. லேசரை வேறு பொருளில்தான் செய்ய வேண்டும். ஒளியைப் பிடித்து நீண்ட நேரம் சேமித்து வைப்பதும் கஷ்டம். அதனால் நினைவகம் இன்னும் மின்சாரத்தின் கையில்தான்.

அந்த எம்.ஐ.டி. குழுவில் இருந்த நிக்கோலஸ் ஹாரிஸ், பின்னர் லைட்மேட்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒளி சிப்களையும் மின் சிப்களையும் ஒன்றாக இணைத்த அந்நிறுவனம், படங்களையும் எழுத்தையும் கையாளும் ஏ.ஐ. மாடல்களை வழக்கமான கம்ப்யூட்டருக்கு நெருங்கிய துல்லியத்தில் இயக்கிக் காட்டியது. 2025-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது.

ஆக, மின்சார சிப்புக்கு இப்போதைக்கு ஓய்வு கிடையாது. நினைவில் வைப்பது மின்சாரம், பெருக்கிக் கூட்டுவது வெளிச்சம் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் திட்டம். மின்சாரத்தை ஒளியாகவும், ஒளியை மின்சாரமாகவும் மாற்றுவதற்கே மிச்சம் பிடித்ததெல்லாம் செலவாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டணியின் வெற்றி அதில்தான் இருக்கிறது!